குறியாக்கத்தை எடுத்துவிட வேண்டுமா? இலவச மென்பொருளும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமும்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவரும் ஹட்டனில் கூடப் படித்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஓர் ஆண்ட்ராய்ட் செயலி செய்திருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலை, பகல், அந்தி என்று மடுவத்தில் நிறுக்கும் கிலோவைத் தாங்களே பதிந்து வைக்கலாம். கழிவு என்று வெட்டியது, ஓவர் கிலோ, அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், விழுந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். மாசம் முடிந்து சம்பளத் துண்டு வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயலி இலவசம், மூலநிரல், அதாவது செயலியை எழுதிய நிரல் வரிகள், முழுவதும் கிட்ஹப் என்ற அமெரிக்க நிரல் பகிர்வுத் தளத்தில் திறந்து கிடக்கிறது. அடையாள அட்டை இலக்கமும் ஈ.பி.எஃப். இலக்கமும் உள்ளே இருப்பதால் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து, அதாவது என்கிரிப்ட் செய்து, வைத்திருக்கிறார்கள். இப்போது கொழும்பில் ஐ.டி. வேலை செய்யும் ஒருவர், “குறியாக்கம் உள்ள மென்பொருளை அமெரிக்க அனுமதி இல்லாமல் நாடு தாண்டிக் கொடுத்தால் குற்றம், அதை எடுத்துவிட்டுப் போடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். கூகுள் பிளேயும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்கு உடன்படச் சொல்லி ஒரு பெட்டியில் சரி போடக் கேட்கிறது. “எடுத்துவிடவா அண்ணா?” என்பது கேள்வி.

எடுக்காதீர்கள், தங்கச்சி. உங்கள் செயலியில் ஒரே ஓர் இடத்தைத் திருத்த வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். மற்றபடி நீங்கள் செய்திருப்பது இன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி அனுமதி தேவையில்லாத காரியம். அந்த நண்பர் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பழைய பயம் இன்னும் கைமாறிக்கொண்டே வருகிறது. ஒரு வீட்டில் ஒரே போன், அதை யார் யாரோ எடுத்துப் பார்க்கிற நிலையில், கிலோக்கணக்கு வெளியே தெரிந்தால் நாளைக்கு மலையில் யாருக்குப் பிரச்சினை வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நாம் இலங்கையர், அமெரிக்கச் சட்டம் நம்மை எப்படித் தொடும்? மனிதரைப் பார்த்து அல்ல, பொருளைப் பார்த்துத் தொடுகிறது அந்தச் சட்டம். ஏற்றுமதி நிர்வாக ஒழுங்குவிதிகள் என்ற பெயரில் அமெரிக்க வணிகத் திணைக்களத்தின் கீழ் இருக்கும் பி.ஐ.எஸ். என்ற பணியகம் இதை நடத்துகிறது. அமெரிக்க மண்ணில் இருக்கும் பொருள், அமெரிக்காவில் உருவாகி எங்கே போனாலும் அந்தப் பொருள், அமெரிக்கப் பங்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலந்த வெளிநாட்டுப் பொருள் ஆகிய மூன்றுக்கும் அது உரிமை கோருகிறது. உங்கள் நிரல் மஸ்கெலியாவில் எழுதப்பட்டாலும் கிட்ஹப்பின் சேவையகத்துக்குப் போய், அங்கிருந்துதான் திரும்ப இறங்குகிறது. தரவுத்தளத்தைப் பூட்ட நீங்கள் பயன்படுத்தும் எஸ்க்யூஎல்சைஃபர் அமெரிக்க நிறுவனம் ஒன்று செய்தது. ஆகவே “நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை” என்று தள்ளிவிடுவது சரியான பதில் இல்லை. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டமே உங்களை வெளியே விடுகிறது.

எப்படி என்றால், யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் எடுத்து, மற்றவருக்கும் கொடுக்கக்கூடியதாக வெளியிடப்பட்ட மென்பொருள் பொதுவாக அந்த ஒழுங்குவிதிகளின் கீழேயே வராது. குறியாக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். 2000 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தியபோது, மூலநிரலை இணையத்தில் போடலாம், ஆனால் போட்ட இணைய முகவரியை பி.ஐ.எஸ்.ஸுக்கும் என்.எஸ்.ஏ. என்ற உளவு அமைப்புக்கும் மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும் என்றார்கள். அனுமதி கேட்பதல்ல, தகவல் சொல்வது மட்டுமே. அந்தக் கடமையும் 2021 மார்ச் 29இல் பெரும்பாலானோருக்கு எடுபட்டுவிட்டது. இன்றைய நிலை அந்த ஒழுங்குவிதிகளின் 742.15ஆம் பிரிவின் பி உட்பிரிவில் இருக்கிறது. தரப்படுத்தப்பட்ட குறியாக்க முறைகளைப் பயன்படுத்தி, மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டால் மின்னஞ்சல்கூட வேண்டாம். அந்த மூலநிரலில் இருந்து தொகுத்த, போனில் ஏற்றுகிற ஏபிகே கோப்புக்கும் இதே விடுதலை உண்டு. இணையத்தில் 2021க்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு இரவோடிரவாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதினால் தவறில்லை, எழுதாவிட்டாலும் குற்றமில்லை.

இப்போது திருத்த வேண்டிய இடம். கிட்ஹப்பில் நிரலை வைத்திருக்கும் உங்கள் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தேன். தரவுத்தளத்துக்கு ஏஇஎஸ் 256 பிட், போனுக்குப் போன் அனுப்பும் காப்புப் பிரதிக்கு லிப்சோடியம் நூலகத்தின் சாசா20. இரண்டும் உலகம் ஏற்றுக்கொண்ட முறைகள், கை வைக்க வேண்டாம். ஆனால் அடையாள அட்டை இலக்கத்துக்கு மட்டும் உங்கள் நண்பர் தன் சொந்தக் கைவண்ணத்தில் ஒரு முறை எழுதியிருக்கிறார். இலக்கங்களை இடம் மாற்றி, பிறந்த ஆண்டைக் கூட்டி, மறுபடி புரட்டுகிறார். ஆர்வத்தில் செய்தது, அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சல் அறிவிப்பு இன்றும் மிச்சமிருப்பது “தரமல்லாத குறியாக்கம்” என்ற வகைக்கு மட்டும்தான்: அதாவது எந்தச் சர்வதேசத் தர அமைப்பும் ஏற்காத, வேறெங்கும் வெளியிடப்படாத தனி முறை. மூலநிரல்தான் திறந்து கிடக்கிறதே, ஆகவே இதுவும் வெளியிடப்பட்டதுதானே என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கே ஏன் போக வேண்டும்? சட்டத்தை விட்டாலும், நம் அடையாள அட்டை இலக்கத்தின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்தது. முன்னால் பிறந்த ஆண்டு, அடுத்து ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியது. இவ்வளவு ஊகிக்கக்கூடிய ஒன்றை இடம் மாற்றி ஒளித்தால், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பேப்பரிலேயே அவிழ்த்துவிடும். அந்த இலக்கத்தையும் அதே ஏஇஎஸ்ஸுக்குள் போடுங்கள், முடிந்தது.

இனி அந்தக் கொழும்பு நண்பரின் பயத்துக்கு வருவோம். அதற்கு வேர் உண்டு. 1996 வரை அமெரிக்கா குறியாக்க மென்பொருளைப் போர்த்தளபாடப் பட்டியலில் வைத்திருந்தது. துப்பாக்கி, ஏவுகணை இருக்கும் அதே பட்டியல். 1991இல் ஃபில் சிம்மர்மன் என்பவர் பிஜிபி என்ற மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருளை எழுதி இலவசமாக விட்டார். அது நாடு தாண்டிப் போனது. இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்காக அவர்மேல் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் கீழ் குற்றப் புலனாய்வு நடந்தது. மூன்று வருஷம் அந்தக் கத்தி அவர் தலைக்குமேல் தொங்கி, 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே கைவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கிளின்டன் 13026ஆம் இலக்க நிறைவேற்று ஆணையின் மூலம் வணிகக் குறியாக்கத்தைப் போர்த்தளபாடப் பட்டியலில் இருந்து வணிகத் திணைக்களத்துக்கு மாற்றினார்.

அந்தச் சட்டத்தின் விசித்திரம் ஒன்றை இளம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நிரலைக் கணினித் தட்டில், அதாவது டிஸ்க்கில், அனுப்பினால் ஆயுத ஏற்றுமதி. அதையே புத்தகமாக அச்சடித்து அனுப்பினால் பேச்சுச் சுதந்திரம். எம்.ஐ.டி. அச்சகம் 1995இல் பிஜிபியின் மூலநிரலைப் புத்தகமாகவே போட்டது. பிறகு பிஜிபி 5 பதிப்பை ஆயிரக்கணக்கான பக்கங்களில் அச்சடித்து, சட்டப்படி ஐரோப்பாவுக்கு எடுத்துப்போய், நோர்வேயில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து திரும்ப நிரலாக்கினார்கள். ஸ்கேனில் ஒரு காற்புள்ளி தவறினாலும் நிரல் ஓடாது என்பதால், ஒவ்வொரு வரியோடும் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். வரியைப் படித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குறியீடு வர வேண்டும், வராவிட்டால் அந்த வரியைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். நிரலாளர்கள் ஒரு சட்டத்தை மீறாமலே அதன் அபத்தத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொருவரை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும், ஏனென்றால் அவருடைய வேலை உங்கள் செயலிக்குள் இருக்கிறது. டானியல் பெர்ன்ஸ்டைன் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்பு மாணவராக இருந்தபோது ஸ்னஃபிள் என்ற குறியாக்க முறையை எழுதி, ஆய்வுக் கட்டுரையோடு வெளியிட விரும்பினார். ஆயுத ஏற்றுமதியாளரைப் போல அனுமதி பெற வேண்டும் என்றது அரசு. அவர் 1995இல் அரசின்மேல் வழக்குப் போட்டார். 1996இல் நீதிபதி மர்லின் ஹால் பட்டேல், மூலநிரல் என்பது அமெரிக்க அரசமைப்பின் முதலாம் திருத்தம் காக்கும் பேச்சு என்று சொன்னார். 1999இல் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு ஒன்றும் அவர் பக்கம் நின்றது. மறுவிசாரணைக்காக அந்தத் தீர்ப்பு பிறகு விலக்கப்பட்டாலும், விதிகள் 2000இல் தளர்ந்தன. அதே ஆண்டு, ஜங்கர் என்பவர் போட்ட இதேபோன்ற வழக்கில் ஆறாவது சுற்று நீதிமன்றமும் மூலநிரல் பேச்சுதான் என்றது. நீங்கள் காப்புப் பிரதிக்குப் பயன்படுத்தும் சாசா20ஐ வடிவமைத்தவர் இதே பெர்ன்ஸ்டைன். அன்று அவர் வழக்காடியிருக்காவிட்டால், இன்று நீங்கள் அதை எடுத்து மஸ்கெலியாவில் வைத்து ஒரு செயலி செய்வது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்கள் கைகட்டி நிற்கவில்லை. இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தாய் நூலகமான எஸ்எஸ்எல்இஏஒய் அவுஸ்திரேலியாவில் எழுதப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் கனடாவில் இருந்து வந்தது. பிஜிபி போன்ற இலவச மென்பொருளான குனு பிரைவசி கார்ட் ஜெர்மனியில் பிறந்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் குறியாக்கப் பொதிகளை “நான்-யுஎஸ்” (non-US, அமெரிக்கா அல்லாதது) என்று தனிக் களஞ்சியமாக அமெரிக்காவுக்கு வெளியே வைத்திருந்தது. 1998 மார்ச் 31இல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் நிரலைக் குறியாக்கப் பகுதியை உருவிவிட்டு வெளியிட்டபோது, அவுஸ்திரேலியாவில் இருந்தவர்கள் ஒரு நாளுக்குள் அந்தப் பகுதியைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் வாங்கிப் பயன்படுத்திய நம்மைப் போன்ற நாடுகளின் நிலை வேறு. குறியாக்கச் சாவியில் பிட் எண்ணிக்கை கூடக்கூட உடைப்பது கடினம். நெட்ஸ்கேப் அமெரிக்கருக்கு 128 பிட் சாவியும் வெளிநாட்டாருக்கு 40 பிட் சாவியும் கொடுத்தது. 1995 ஆகஸ்டில் பிரான்ஸில் டாமியன் டோலிகெஸ் என்பவர், சும்மா நின்ற சுமார் 120 கணினிகளை வைத்து எட்டு நாளில் அப்படி ஒரு 40 பிட் சாவியை உடைத்துக் காட்டினார். பலவீனமானதைத்தான் உலகத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தது எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. பண்டாரவளையில் நாங்கள் ஜாவா என்ற நிரல்மொழி படித்த காலத்திலும் அதன் மிச்சம் இருந்தது. ஏஇஎஸ் 256 என்று எழுதி ஓட்டினால் “இல்லீகல் கீ சைஸ்” என்று சிவப்பில் விழும். நிரலில் பிழை இருக்காது. ஜாவாவுடன் வந்த கொள்கைக் கோப்பு 128 பிட்டுக்கு மேல் விடாது. தனியாக இரண்டு கோப்புகளை இறக்கி, ஜாவா கோப்புறைக்குள் பழையவற்றின் மேல் வைக்க வேண்டும். அதில் ஒன்றின் பெயரே “யுஎஸ் எக்ஸ்போர்ட் பாலிசி”. சில நாடுகளின் இறக்குமதித் தடைகளுக்காக இப்படி வைத்ததாக விளக்கம் சொன்னார்கள். 2018 ஜனவரியில் வந்த ஜாவா 8இன் 161ஆம் புதுப்பிப்பில்தான் அந்தப் பூட்டு இயல்பாகவே திறந்தபடி வந்தது. பெயருக்குள் “எக்ஸ்போர்ட்” என்று இருந்த அந்தக் கோப்பைப் பார்த்தே, குறியாக்கம் என்றால் ஏதோ தடை செய்யப்பட்ட விஷயம் என்று நினைத்து ஒதுங்கிய பிள்ளைகளை நான் அறிவேன்.

“எடுத்துவிடுங்கள்” என்கிற ஆலோசனையை நான் இவ்வளவு கடுமையாக மறுப்பதற்குக் காரணம் 2015இல் நடந்தது. விதி 2000இலேயே தளர்ந்துவிட்டது. ஆனால் ஏற்றுமதிக்கென்று பலவீனமாகச் செய்த, ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் 512 பிட் சாவிகளுக்கான நிரல் வரிகளை யாரும் நீக்கவில்லை, சேவையகங்களில் அப்படியே தூங்கிக் கிடந்தன. 2015 மார்ச்சில் ஃப்ரீக் என்று பெயர் சூட்டப்பட்ட ஓட்டை வெளியே வந்தது. நடுவில் நிற்கும் ஒருவர், நவீன உலாவியையும் சேவையகத்தையும் ஏமாற்றி அந்தப் பழைய பலவீனமான சாவிக்கு இறக்கிவிடலாம். அந்த அளவு சாவியை அமேசான் மேகக் கணினிகளில் சுமார் 100 டொலர் வாடகையில், சில மணித்தியாலங்களில் உடைத்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். ஆப்பிளின் சஃபாரியும் ஆண்ட்ராய்ட் உலாவியும் மாட்டின. என்.எஸ்.ஏ.யின் சொந்த இணையத்தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டு மாதத்தில் லாக்ஜாம் என்று இதே வேரில் இன்னொன்று கிளம்பியது. சட்டத்துக்குப் பயந்து பலவீனமாக்கியது, சட்டம் போய் 15 வருஷம் கழித்தும் பாவிப்பவரைக் கடித்தது.

கூகுள் பிளே கேட்கும் சரிக்கு வருகிறேன். உங்கள் செயலி கூகுளின் சேவையகத்தில் இருந்து உலகம் முழுக்கப் போகிறது என்பதால், அந்தச் சட்டத்துக்கு இசைந்தே கொடுக்கிறேன் என்று உங்களிடம் உறுதி வாங்குகிறார்கள். மேலே சொன்னபடி நீங்கள் இசைந்துதான் இருக்கிறீர்கள், மனதாரச் சரி போடுங்கள். ஐபோனுக்குக் கொண்டுபோனால் ஆப்பிள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். குறியாக்கம் பாவிக்கிறீர்களா, இயங்குதளத்தில் உள்ளதை மட்டும் பாவிக்கிறீர்களா, அதற்கு மேல் சேர்த்திருக்கிறீர்களா என்று. அங்கே “இல்லை” என்று சும்மா அழுத்திவிடாதீர்கள். லிப்சோடியம் சேர்த்திருக்கிறீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். பொதுவில் வெளியிட்ட மூலநிரல் என்பதுதான் உங்கள் நியாயம். பிரான்ஸில் விநியோகிப்பதா என்று தனியாகக் கேட்பார்கள், அந்த நாட்டுக்குச் சொந்த அறிவிப்பு முறை உண்டு. பிரான்ஸில் கொழுந்து பறிப்பவர் இல்லை, அந்த நாட்டைத் தெரிவில் இருந்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

நாளைக்கு யாராவது காசு போட்டு, மூடிய பதிப்பு ஒன்று செய்து தோட்டக் கம்பனிகளுக்கு விற்கலாம் என்று வந்தால் கதை மாறும். மேலே சொன்ன விடுதலை முழுவதும் வெளியிட்டதற்கு மட்டும். மூடிய மென்பொருள் பொதுச்சந்தைப் பொருள், அதாவது யாரும் வாங்கக்கூடிய பொருள், என்ற வகைக்குள் வரலாம், அப்போதும் பெரும்பாலும் முன் அனுமதி தேவைப்படாது. ஆனால் எந்த வகை என்று வகைப்படுத்த வேண்டும், வகையைப் பொறுத்து ஆண்டுக்கு ஒருமுறை பெப்ரவரி 1க்குள் அறிக்கை அனுப்புகிற கடமையும் வரலாம். அப்போது ஒரு சட்டத்தரணியிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். இப்போதைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஈரானிலோ சிரியாவிலோ ஒருவர் இறக்கிவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவில் வெளியிட்ட நிரலை யார் இறக்குகிறார் என்று காவல் இருக்கும் கடமை உங்களுக்கு இல்லை. பொருளாதாரத் தடை என்பது வேறு சட்டம், அமெரிக்கத் திறைசேரியின் ஒரு பிரிவு நடத்துவது, அது நிரலைவிடச் சேவையையும் பணத்தையும் பார்க்கிறது. 2019இல் கிட்ஹப் ஈரான், சிரியா, கிரைமியா போன்ற இடங்களில் இருந்தவர்களின் தனிக் களஞ்சியங்களை அடைத்தபோதும் பொதுக் களஞ்சியங்களைத் திறந்தே வைத்தது. 2021இல் ஈரானுக்கு அனுமதி வாங்கித் திறந்தும் விட்டது. திறந்து வைத்தவன் நிலை எப்போதும் சுலபமாகவே இருக்கிறது, பாருங்கள்.

மற்ற நாடுகளின் நிலையும் பெரும்பாலும் இதுதான். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக வாசெனார் உடன்பாடு என்று 42 நாடுகள் சேர்ந்த ஒன்று 1996 முதல் இருக்கிறது. இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது, இலங்கை அதில் இல்லை. அந்த உடன்பாட்டின் பொது மென்பொருள் குறிப்பே, தடையில்லாமல் பொதுவில் கிடைப்பதை விலக்கிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் உங்களைக் குறியாக்கத்தின் பக்கமே தள்ளுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கும் வழிகளில் ஒன்றாகக் குறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தரவு அந்தந்தப் பெண்ணின் போனிலேயே இருக்கும்வரை உங்கள் பொறுப்பு குறைவு. என்றைக்காவது ஒரு சேவையகத்தில் எல்லார் கணக்கையும் சேர்க்க நினைத்தால், அன்றைக்கு முதலில் அந்தச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள்.

களஞ்சியத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் நாலு வரி போட்டுவிடுங்கள்: என்னென்ன குறியாக்க முறைகள், எந்த நூலகம், எந்தப் பதிப்பு, மூலநிரல் எந்த உரிமத்தில் பொதுவில் இருக்கிறது. உரிமக் கோப்பை நான் தேடினேன், இல்லை. அதை இன்றைக்கே சேருங்கள். யாரும் எடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று எழுத்தில் இருந்தால்தான் “வெளியிடப்பட்டது” என்ற சொல்லுக்குள் ஐயமில்லாமல் வருவீர்கள். நண்பர் எழுதிய அந்த அடையாள அட்டைப் பகுதியை எடுத்துவிட்டு ஏஇஎஸ்ஸுக்குள் மாற்றியதும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன்.